மாப்பிள்ளை பஸ்

படகுத்துறையில் இறங்கிய சற்று நேரத்திலேயே அக்காவுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. கடல் ஆட்டிய ஆட்டத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவள், தம்பி சொன்ன வழியைப் பொறுக்க முடியாமல் நடுத்தெருவில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஒண்ணும் சிரமம் இல்லக்கா. துறையிலேர்ந்து நேரா வந்தா சந்தை. சந்தையத் தாண்டினா மணிக்கூண்டு. அங்க வலது பக்கம் திரும்பினா ஐஸ் ஃபேக்டரி. அதுக்கு எதிர்ல நம்ம வீடு. கண்ண மூடிக்கிட்டு வந்துரலாம்" என்று அவன் ஃபோனில் சொல்லியிருந்தான். சொன்னதைச் சொன்னபடி மனதில் வைத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தையற்கடை வைத்திருப்பவள். ஒருமுறை அளவெடுத்த உடம்புக்கு மறுமுறை டேப்பை எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு வந்தும் சந்தையைக் காணோம், மணிக்கூண்டைக் காணோம்.

இருந்ததெல்லாம் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள். இருபுறமும் வெளிர்மஞ்சள் சுவர், சாம்பல் நிறக் கூரை, வாசலில் ஓர் எண் என்று ஒரே அளவில் வெட்டித் தைத்த சீருடை மாதிரி வீடுகள். கடல் ஏறி வந்து இந்தச் சின்னத் தீவு நகரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, அளந்து அளந்து புதிதாகக் கட்டிக் கொடுத்த ஊர் இது. கடலோரம் ஆளுயரத்துக்கு மேல் சுவர். பழைய ஊர் இருந்த பள்ளத்தில் பாதி புல்வெளி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. தையலில் பிசிறு இல்லை. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைவது?

எதிரே ஒரு டீக்கடை தென்பட்டது. "ஏங்க, மணிக்கூண்டு எங்க இருக்கு?"

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமல், "நீங்க நிக்கிறீங்களே, அதான் மணிக்கூண்டு" என்றார்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது.

"மேல என்னத்தப் பாக்குறீங்க? அது கடலோட போயி எத்தனை வருஷம் ஆச்சு!"

"இல்லாத மணிக்கூண்டுக்கு எதுக்குங்க வழி சொல்றீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுருங்கியது. "சரி, ஐஸ் ஃபேக்டரியாவது இருக்கா?"

"அதுவும் இல்ல. ஆனா வழி அதேதான், மாறல. யார் வீட்டுக்குப் போகணும்?"

"பஸ் ஓட்டுறானே, அவன் அக்கா நான்."

"அட, மாப்பிள்ளை வீடா! அத முதல்லயே சொல்லக்கூடாதா? மாப்பிள்ளையோட அக்கான்னா எங்களுக்கும் அக்காதான். உக்காருங்க, டீ குடிங்க. மணிக்கூண்டுல நின்னுக்கிட்டு மணிக்கூண்டத் தேடின ஆள இப்பத்தான் பாக்குறேன்."

அவள் டீ குடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. இளவயதில் லாரி ஓட்டிக்கொண்டு, ஏதோ சுமையோடு படகேறி இந்தத் தீவுக்கு வந்தவன், முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூன்காரரின் மகளைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு தலையில் முடி வளர்கிறதோ இல்லையோ, வாரம் தவறாமல் சலூனுக்குப் போனான். கல்யாணம் முடிந்து மாமனார் ஊரிலேயே டவுன் பஸ் ஓட்டும் வேலையும் கிடைத்துவிட்டது. மாமனார் வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டதைக் கேட்டு முடிவெட்ட வந்தவர்கள் கூப்பிட்டார்கள், பஸ்ஸில் ஏறியவர்கள் கூப்பிட்டார்கள். அவனைவிட வயதில் சின்னவர்கள்கூட மாப்பிள்ளை என்றார்கள். அவனும் பல்லை இளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

இது அக்காவுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். காஜா எடுத்து, பட்டன் கட்டி, அவனைப் பத்தாவது வரை படிக்க வைத்து, லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். அவள் வளர்த்த பிள்ளையை ஓர் ஊரே சேர்ந்து தன் மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டது, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குத் தன் புடவையைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க முடியாமல் நிற்பது போல இருந்தது.

இந்த முறை கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தாள். அவள் சீருடை தைத்துக் கொடுக்கும் பள்ளிக்கூடத்தின் தாளாளர், பள்ளி வேன் ஓட்ட நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். பள்ளிக்குப் பின்னாலேயே வீடும் உண்டு. நல்ல மேடான இடம், கடல் கண்ணுக்கெட்டாத தூரம். திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். இரண்டு வாரமாக ஃபோனில் கேட்டுப் பார்த்தாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "நீ ஒருவாட்டி வந்து பாருக்கா, பேசிக்கலாம்" என்று பிடிகொடுக்காமல் நழுவினான். அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு, கடலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவள் படகேறி வந்தாள்.

தம்பி மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க அண்ணி. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்லன்னு சொன்னான் உன் புருஷன். எதிர்ல ஒரு தண்ணி டேங்குதான் இருக்கு. டேங்குக்கு எதிர்லன்னு சொன்னா வாய் வலிக்குமா அவனுக்கு?"

"டேங்குன்னு சொன்னா இங்க யாருக்கும் தெரியாது அண்ணி" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

வீடு சின்னதாக இருந்தாலும் கச்சிதமாக இருந்தது. கதவு ஓசையில்லாமல் மூடியது. சமையலறைக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. குறை கண்டுபிடிக்கலாம் என்று சுற்றிவந்த அக்காவுக்கு ஜன்னல் திரையின் கீழ்மடிப்பு ஏறியும் இறங்கியும் இருப்பது மட்டுமே கிடைத்தது. உட்கார்ந்து அதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். கையில் ஊசி இருந்ததால் கோபம் கொஞ்சம் அடங்கியது.

சாயங்காலம் தம்பி வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அதே பழைய இளிப்பு. சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள். அவன் குழம்பு ஊற்றச் சொன்னான். மறுபடி எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நாளைக்குத் தன் மாமியாரை மறக்காமல் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் தரம் எடுத்தபோது அவன் கொட்டாவி விட்டான்.

"கழுத்துல சுளுக்காடா உனக்கு? ஆமான்னும் ஆட்ட மாட்டேங்குற, இல்லன்னும் ஆட்ட மாட்டேங்குற."

"நாளைக்குக் காலையில என் கூட பஸ்ல வாக்கா. என் பின் சீட்டுல உக்காரு. ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்."

"முடிவு சொல்லுவியா?"

"சொல்றேன்."

காலையில் அவள் முதல் ஆளாக ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் பளபளவென்று இருந்தது. படிக்கட்டு ரப்பரின் இடுக்கில்கூட மண் இல்லை. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பெருமை பொங்கியது. சுத்தம் என்பது அவள் அவனுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம்.

"இங்க பாருடா, அந்த வேன் புது வேன். ஏசி உண்டு. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவுல..."

"மாப்பிள்ளை, கிணறு!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

பஸ் நின்றது. அக்கா எட்டிப் பார்த்தாள். கிணறு இல்லை. ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. நிறுத்தத்துக்கான கம்பமும் இல்லை. பெரியவர் இறங்கி, டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக்கொண்டு போனார். ஒருகாலத்தில் அங்கிருந்த கிணற்றைச் சுற்றுகிற மாதிரி அகலமாகச் சுற்றினார்.

"என்ன சொன்னேன்? ஆங், நடுவுல நீ வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு..."

"ரேடியோ கடைல நிறுத்து மாப்பிள்ளை" என்றாள் கூடையோடு ஒருத்தி.

நின்றது. ரேடியோ கடை இருந்த இடத்தில் சின்னப் பூங்காவின் வேலி இருந்தது.

"மாப்பிள்ளை, பேங்க்!"

"மாப்பிள்ளை, தச்சுப்பட்டறை தாண்டிக் கொஞ்சம்!"

அக்கா ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. தெருவோரம் இடையிடையே எண் போட்ட கம்பங்கள் அழகாக நடப்பட்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, மேலே கூரை, கீழே உட்காரப் பலகை. அங்கே ஏறியவர்கள் எல்லாம் இந்த ஊர் கட்டிய பிறகு வந்து குடியேறியவர்கள். காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு நர்ஸ் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இது பஸ்ஸா இல்ல தெருவுல காய்கறி விக்கிற வண்டியா?" என்று நர்ஸ் யாரிடமும் இல்லாமல் கேட்டாள்.

கேட்டது நியாயமாகத்தான் பட்டது அக்காவுக்கு. ஆனாலும் தன் தம்பியை வேறொருத்தி சொல்வதா என்று முறைத்தாள்.

"ஏன்டா, கம்பத்துல நிறுத்த வேண்டியதுதானே? இவங்க காலு நாலு எட்டு வச்சா தேயுமா?"

"பழகிட்டாங்கக்கா."

"அவங்க பழகல, நீதான் பழக்கி வச்சிருக்க!"

அவன் வண்டியை மெல்ல ஓரம் கட்டினான். இந்த முறை யாரும் குரல் கொடுக்கவில்லை. ஒரு காலிமனை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் தையல் விட்டுப்போன இடம் மாதிரி கிடந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை, ஏறவுமில்லை. பஸ்ஸுக்குள் பேச்சும் நின்றிருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

"இது யாருக்குடா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

தம்பி மனைவி அவள் பக்கம் குனிந்து, "அது எங்கப்பா சலூன் அண்ணி" என்றாள். "காலையில கடையத் திறந்து வச்சிட்டு, சாப்பிட வீட்டுக்கு இந்த நடையிலதான் வருவாரு. பாதிச் சவரத்துல ஆள உக்கார வச்சிட்டு ஓடி வந்து ஏறுவாரு. அவரு வர்ற வரைக்கும் இவரு நிப்பாரு. மொத்த பஸ்ஸும் நிக்கும். திட்டுவாங்க, சிரிப்பாங்க. இப்பவும் இவருக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிருது. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் கழித்து, ஏசி வேனின் பேச்சை எங்கே விட்டோம் என்பதே மறந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி மனைவியும் நர்ஸும் இறங்கினார்கள். அதே இடத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு செக்கர் ஏறினார். சின்ன வயதுதான். சரியாகத் தூங்காத முகம். தம்பியிடம் பணிவாகத் தலையாட்டிவிட்டு, பஸ்ஸின் நடுவில் வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. இந்த பஸ் கண்ட கண்ட இடத்துல நிக்குதுன்னு ஆஸ்பத்திரி ஊழியருங்க புகார் குடுத்திருக்காங்க. டூட்டிக்கு லேட்டாகுது, ராத்திரி டூட்டி பாத்தவங்க வீட்டுக்குப் போக முடியல. அவங்க சொல்றதும் நியாயம்தான். இன்னிக்கு வழியில எங்கயாவது கம்பம் இல்லாத இடத்துல நின்னுச்சா?"

"நிக்கவே இல்ல சார்" என்றார் ஒரு பெரியவர். அவரே தச்சுப்பட்டறையில் ஏறியவர்.

"நான் தூங்கிட்டேன்" என்றாள் ஒருத்தி. பஸ் ஏறியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை.

"நின்னா நல்லாத்தான் இருக்கும். எங்க நிக்குது? ராக்கெட்டு மாதிரில்ல பறக்குது மாப்பிள்ளை பஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பஸ்ஸே சிரித்தது. செக்கரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக இந்த ஊர் இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறது. கேட்பவர்களுக்கும் தெரியும், சொல்பவர்களுக்கும் தெரியும். கேள்வி ஒரு பக்கம் நடக்கும், பஸ் ஒரு பக்கம் ஓடும்.

அக்காவுக்கு அது தெரியாது. அவளுக்குக் காது சூடேறியது. எதற்காக இவ்வளவு பொய்? அதுவும் இவ்வளவு மோசமாகத் தைத்த பொய்? பொய் சொல்லிக் காப்பாற்றும்படி அவள் தம்பி திருடினானா, குடித்துவிட்டு ஓட்டினானா?

"சார்" என்று எழுந்து நின்றாள். "நான் சொல்றேன். நான் அவனோட கூடப்பிறந்த அக்கா."

"அக்கா, உக்காரு" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. சார், பஸ் நின்னுச்சு. மறைக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. சும்மா வேடிக்கைக்கு ஒரு இடத்துலயும் நிக்கல. ரெண்டாம் கம்பம் தாண்டி டிரான்ஸ்பார்மர்கிட்ட நின்னுச்சு, ஒரு பெரியவர் இறங்கினாரு, அவருக்கு முழங்கால் வலி போல, சாஞ்சு சாஞ்சு நடந்தாரு. அப்புறம் பூங்கா வேலிகிட்ட. கூடைக்காரம்மா. கூடை கனம், கம்பத்துலேர்ந்து தூக்கிட்டு வர முடியாது. அப்புறம் பேங்க் இருந்த இடம், ஒரு அம்மாவும் பொண்ணும்..."

ஒன்று விடாமல் சொன்னாள். எந்த இடம், யார், எதற்கு என்று வரிசை பிசகாமல், அளவு சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். செக்கரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் எழுதாமல்தான் கேட்டார். கேட்கக் கேட்கப் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

"அப்புறம் ஒரு காலிமனை. அங்க யாரும் ஏறல, இறங்கல. ஆனா அது இவன் மாமனாரோட சலூன் இருந்த இடம் சார். கடல்ல போயிட்டாரு மனுஷன். அந்த மரியாதைக்கு நிறுத்துறான். எத்தனை பேருக்கு சார் அந்த மனசு வரும்?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. செக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா" என்றார் மெதுவாக. "ஆளுக்காக நின்னா முதியவர், முடியாதவர்னு ஏதாவது எழுதிச் சமாளிச்சிருப்பேன். யாருமே இல்லாத இடத்துல பஸ் நின்னுச்சுன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்களே. இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

அக்கா உட்கார்ந்தாள். பின்னாலிருந்து யாரோ, "போச்சு" என்றார்கள்.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு அவன் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. டெப்போவில் பஸ் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு பார்க்கலாம். அக்கா டெப்போ வாசலுக்குப் போனபோது, சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. வழியிலேயே டீக்கடைக்காரர் அவளைப் பார்த்தும் பாராததுபோல அடுப்பைக் கிளறினார். டெப்போ வாசலில் நின்ற தச்சுப்பட்டறைப் பெரியவர் மட்டும் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, தம்பிய ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களாமே? அதுக்குத்தான் போட்டுக் குடுத்தீங்களோ?"

"வாய அளந்து பேசுங்க! நான் அவனுக்காகப் பேசினேன்!"

"நாங்க அவனுக்காகப் பேசாமத்தானே இருந்தோம்" என்றார் அவர்.

தான் போட்டுக் கொடுக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் டெப்போ நிர்வாகி மூன்று மாதம் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, சரி, இனிமேல் இவனுக்கு இங்கே என்ன வேலை, என்று ஒரு நினைப்பு உள்ளே எட்டிப் பார்த்ததை அவள் எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்?

தம்பி பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ரப்பர் குழாயால் ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்கு நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இளித்தான்.

"அந்தப் பக்கம் நில்லுக்கா, புடவை நனையும்."

"கோபமே வராதாடா உனக்கு? நாலு வார்த்தை திட்டேன். வாய்க்கொழுப்பு புடிச்சவளேன்னு திட்டு. கேட்டுக்கிறேன்."

"நீ பொய்யா சொன்ன?"

"பொய் சொல்லத் தெரியாததுதான் தப்பாப் போச்சு இந்த ஊர்ல!" குரலை இன்னும் உயர்த்தினாள். "சரி, போனது போச்சு. இப்பவாவது கேளு. கழுவுற குழாய அங்க வச்சிட்டு என் கூட வா. ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. வேன் காத்திருக்கு. இன்னும் என்ன இருக்கு இங்க? சந்தை இருக்கா, மணிக்கூண்டு இருக்கா? இல்லாத ஊர்ல நின்னுக்கிட்டு இல்லாத வேலையப் பாக்கப் போறியா?"

தம்பி குழாயை மூடினான். சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"கடல் வந்த அன்னிக்கு நாங்க எங்க இருந்தோம், ஞாபகம் இருக்காக்கா?"

இருந்தது. அவள் வீட்டில், அவள் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர்கள். கல்யாணம் முடிந்து கிளம்பியவர்களை, இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று நிறுத்தி வைத்தவள் அவள்தான். அதனால்தான் இவன் உயிரோடு நிற்கிறான் என்று இத்தனை காலம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டு டிவியில பாத்தேன்" என்றான் அவன். "சோத்துத் தட்ட மடியில வச்சிக்கிட்டுப் பாத்தேன். மணிக்கூண்டு சாஞ்சது. என் பஸ் கவுந்து மிதந்தது. உள்ள யாரு இருந்தாங்கன்னு தெரியல. இவ பக்கத்துல உக்காந்து அப்பா அப்பான்னு டிவியப் பாத்துக் கத்தினா. மறுபடி ஒருவாட்டி உன் வீட்ல உக்காந்து டிவியில பாக்க என்னால ஆகாதுக்கா. நான் வரல."

முடிவு சொல்லிவிட்டான். இரண்டு வாரம் ஃபோனில் மழுப்பி, ஒரு ராத்திரி கொட்டாவி விட்டுத் தள்ளிப்போட்டதை, ஈரக் காலோடு நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அக்கா அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"அப்ப, கடல் மறுபடி வந்தா நான் டிவியில பாக்கணும். உன்ன. அதானே?"

அவன் குழாயைக் கை மாற்றிப் பிடித்தான்.

"சொல்லுடா. நீ பாக்க முடியாதத நான் மட்டும் பாக்கணுமா? அதுக்கா உன்ன வளத்தேன்?"

கேட்டுவிட்டதில் அவளுக்கும் சுகம் எதுவும் கிடைக்கவில்லை. அவன் குழாயைத் திறந்து அடுத்த சக்கரத்துக்குப் போனான். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த அடிப்பக்கம் மண்ணு அப்படியே இருக்கு பாரு. பிரஷ்ஷக் குடு இங்க. ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது."

மறுநாள் காலையில் முதல் படகுக்கு அவள் தனியாகத்தான் கிளம்பினாள். வழியனுப்ப வருகிறேன் என்ற இருவரையும், அவரவர் வேலையைப் பாருங்கள் என்று தடுத்துவிட்டாள். வாசலில் தம்பி மனைவி, "திரை இப்ப நல்லா விழுது அண்ணி" என்றாள். "அடுத்த வாட்டி வந்தா மத்த ஜன்னலுக்கும் தச்சுக் குடுங்க."

"அடுத்த வாட்டி நீங்க வாங்க. என் வீடு இருக்கிற இடத்துலதான் இருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அதைத் தவிர வேறு வழியில் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியாது.

படகுத்துறையில் காத்திருந்தபோது ஃபோன் அடித்தது. தாளாளர்.

"என்னம்மா, தம்பி வர்றாரா? வேற ஒருத்தர் வந்து நிக்கிறாரு, அதான் கேட்டேன்."

"அவரையே போட்டுக்குங்க சார். இவன் வரல."

"ஏம்மா? அங்க இதவிட நல்ல வேலையா?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். "பஸ் கழுவுறான் சார்."

"என்னது, கழுவுறாரா? ஐயோ பாவம்."

"பாவம் என்ன சார் பாவம்? அவன் கழுவின பஸ்ல நீங்க முகம் பாத்துத் தலை சீவலாம்." குரல் தானாக உயர்ந்துவிட்டது. "மூணு மாசம்தான். அப்புறம் திரும்ப ஓட்டுவான். இந்த ஊர்ல அவன் ஓட்டாட்டி பாதிப் பேருக்கு வீடு போய்ச் சேரத் தெரியாது."

"சரிம்மா, சரிம்மா, கோவிச்சுக்காதீங்க. வேற தம்பி யாராவது இருந்தாச் சொல்லுங்க."

"இருக்கிறது ஒண்ணுதான் சார். அதுவும் சொன்ன பேச்சு கேக்காது."

ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படகில் ஏறினாள். உள்ளே கூட்டம். ஓர் இருக்கையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே மாப்பிள்ளைய வண்டியிலேர்ந்து இறக்கி விட்ட அக்கா?"

படகிலிருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. இவர்களை இனிமேல் பார்க்கப் போகிறோமா என்று பேசாமல் இருந்திருக்கலாம். தெரியாது, நான் இல்லை, என்று ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கலாம். அக்கா கழுத்தை நிமிர்த்தினாள்.

"நான்தான். கூடைய நகர்த்துங்க, உக்காரணும்."